ஆட்டத்தை நிறுத்தாத முட்டிவலியை எப்படி எண்ணுவது?

நார்வேயில் நடந்து 2013இல் வெளியான ஒரு விளையாட்டு மருத்துவ ஆய்வில் இரண்டு எண்கள் வருகின்றன. ஒன்று 40, இன்னொன்று 419. இரண்டும் எண்ணுவது ஒரே ஆட்களின் ஒரே வகைக் காயத்தைத்தான். வாலிபால், ஹேண்ட்பால், புளோர்பால், சாலை சைக்கிள் பந்தயம், பனிச்சறுக்கு ஆகிய ஐந்து விளையாட்டுகளைச் சேர்ந்த 313 பேரை 13 வாரம் கவனித்தார்கள். வழக்கமான முறையில் பதிந்தபோது, தொடர்ந்த பளுவால் மெல்ல மெல்ல வரும் காயங்கள் 40 கிடைத்தன. அதே ஆட்களிடம் அதே வாரங்களில் கேள்வியை மாற்றிக் கேட்டபோது 419 தொல்லைகள் வெளியே வந்தன.

ஆஸ்லோ விளையாட்டுக் காய ஆராய்ச்சி மையத்தின் பென் கிளார்சன், கிரேத்தே மிக்ளபுஸ்ட், ரோல்ட் பார் மூவரும் செய்த ஆய்வு இது. வேறுபாடு ஏன் பத்து மடங்கு என்று புரிந்துகொண்டால், வாலிபால் ஆடுகிறவர்களின் முழங்கால் பற்றிய பாதிக் கதை புரிந்துவிடும்.

பழைய முறை ஒரு காயத்தை எப்போது காயமாக ஏற்றுக்கொள்கிறது? ஆட்டக்காரர் ஒரு நாளாவது பயிற்சியையோ போட்டியையோ தவறவிட்டால்தான். கணுக்கால் பிசகினால் இந்த விதி நன்றாகவே வேலை செய்யும். வலைக்குக் கீழே எதிரணி பிளாக்கரின் பாதத்தின்மேல் கால் இறங்குகிறது, மடங்குகிறது, ஆளைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். எந்த நாள், எந்த செட் என்றுகூடச் சொல்லிவிடலாம். முழங்கால் அப்படி இல்லை. ஒருநாள் பயிற்சி முடிந்து வீட்டுப் படி இறங்கும்போது முழங்கால் சில்லுக்குக் கீழே சின்னதாக ஒரு குத்தல். மறுநாள் வார்ம்-அப் செய்யும்போது இருக்கிறது, உடம்பு சூடானதும் போய்விடுகிறது. போய்விட்டது என்று நினைத்து ஆடுகிறோம். இரவில் திரும்பி வருகிறது. இப்படியே மாதக்கணக்கில் ஓடும். இதற்குத் தொடங்கிய தேதி கிடையாது, விடுப்பும் கிடையாது.

கல்லூரி அணியில் நான் ஆடிய மூன்று ஆண்டுகளில் ஒரு பயிற்சியைக்கூடத் தவறவிட்டதில்லை. கடைசி ஒன்றரை ஆண்டு இடது முட்டிக்குக் கீழே பட்டை கட்டாமல் கோர்ட்டில் இறங்கியதும் இல்லை. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பழைய கணக்கின்படி எனக்குக் காயமே இல்லை. அந்த 419இல் ஒன்றாக நானும் இருந்திருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த வலிக்குப் பெயர் உண்டு. 1973இல் அமெரிக்காவைச் சேர்ந்த பிளேசினாவும் அவருடைய சகாக்களும் ‘ஜம்பர்ஸ் நீ’, அதாவது குதிப்பவர் முட்டி, என்று பெயர் வைத்தார்கள். தொடையின் முன்பக்கத் தசை முழுவதும் முழங்கால் சில்லில் வந்து சேர்கிறது. சில்லின் கீழ்முனையிலிருந்து கெட்டியான ஒரு நார்ப்பட்டை கீழே கணைக்கால் எலும்புக்குப் போகிறது. அதுதான் சில்லுத் தசைநாண். ஸ்பைக் அடிக்க ஓடிவந்து இரண்டு காலையும் ஊன்றி எம்பும்போதும் சரி, இறங்கி முட்டியை மடக்கி வேகத்தை அடக்கும்போதும் சரி, உடல் எடையைப்போல் பல மடங்கு இழுவிசை இந்தப் பட்டையில் விழுகிறது. வலி பெரும்பாலும் சில்லின் கீழ்முனையில், விரல் நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய ஓர் இடத்தில் இருக்கும்.

தசை சீக்கிரம் பழகும், சீக்கிரம் ஆறும். தசைநாண் அப்படியல்ல, ரொம்ப மெதுவான பொருள். டென்மார்க்கில் இதை வித்தியாசமான வழியில் காட்டினார்கள். 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கதிரியக்கக் கார்பன் கூடியது. அது உணவு வழியாக மனித உடம்புக்குள்ளும் போனது. அந்தத் தலைமுறையினரின் குதிகால் தசைநாணில் அந்தக் கார்பனை அளந்து பார்த்தபோது, நடுப்பகுதித் திசு ஏறக்குறைய 17 வயது வரை உருவானதோடு சரி, பிறகு புதுப்பிக்கப்பட்டதற்கு அடையாளமே இல்லை என்று தெரிந்தது. அளந்தது குதிகாலில்தான் என்றாலும், இந்த வகைத் திசுவின் சுபாவம் என்ன என்பதற்கு அது நல்ல சான்று. நேற்று அடித்த அடியை இன்று ஈடுகட்டிவிடும் என்று இதனிடம் எதிர்பார்க்க முடியாது.

சரி, எத்தனை பேருக்கு வருகிறது? நார்வேயின் உயர்மட்ட ஆட்டக்காரர்கள் 613 பேரைச் சோதித்த ஓர் ஆய்வு 2005இல் வெளிவந்தது. ஆண்கள் வாலிபாலில் 44.6 விழுக்காட்டினருக்கு அந்த நேரத்தில் குதிப்பவர் முட்டி இருந்தது. கூடைப்பந்தில் 31.9. கால்பந்தில் வெறும் 2.5. பாதிக்கப்பட்டவர்களுக்கு வலி சராசரியாக 32 மாதம் நீடித்திருந்தது. இரண்டரை ஆண்டுக்கு மேல்! ஒரு கல்லூரி ஆட்டக்காரரின் மொத்த ஆட்டக்காலமே அவ்வளவுதான்.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு கணக்கை வைத்துப் பார்க்க வேண்டும். சர்வதேச வாலிபால் கூட்டமைப்பு 2010இல் ஒரு காயப் பதிவு முறையைத் தொடங்கியது. பெரிய போட்டிகளில் ஒவ்வொரு அணியின் மருத்துவரும் படிவம் நிரப்பித் தர வேண்டும். நான்கு ஆண்டுத் தரவு 2015இல் வெளியானது. 2,710 ஆட்டக்காரர்களிடம் 440 காயங்கள். அவற்றில் கணுக்கால் 25.9 விழுக்காடு, முழங்கால் 15.2, விரல்கள் 10.7. உலகத்தர வாலிபாலில் காய ஆபத்து குறைவு என்பது கட்டுரையின் முடிவு. அது பொய் இல்லை. மருத்துவர் பார்த்துப் பதிந்த காயங்களை வைத்துப் பார்த்தால் வாலிபால் பாதுகாப்பான ஆட்டம்தான். ஆனால் சில ஆண்டுகளாகவே சில்லில் வலியோடு வந்து, பட்டை கட்டிக்கொண்டு ஆடிவிட்டு, வலியோடு ஊர் திரும்புகிறவர் அந்தப் படிவத்தில் புதுக் காயமாக ஏறுவது கடினம். ஒரு போட்டித்தொடரின் படிவத்துக்குப் புலப்படுவது அந்தத் தொடரில் நடந்த விபத்துகள்தான்.

இந்த ஓட்டையை ரோல்ட் பார் 2009இலேயே சுட்டிக்காட்டினார். காயம் ஒன்றுமில்லை, வலி மட்டும் ஏராளமா என்பதுதான் அவர் கட்டுரைத் தலைப்பின் சாரம். மணற்பரப்பு வாலிபால் ஆடும் உலகத்தர ஆட்டக்காரர்களிடம் முழங்கால், முதுகு, தோள் வலி பரவலாக இருந்தும், அதனால் தவறிய நாட்கள் சொற்பம் என்பதை அவர் எடுத்துக்காட்டினார். நாட்களை எண்ணுவதை விட்டுவிட்டு, எத்தனை பேர் எந்த நேரத்தில் தொல்லையோடு இருக்கிறார்கள், அது ஆட்டத்தை எவ்வளவு கெடுக்கிறது என்று அளக்கச் சொன்னார். நான்கு ஆண்டுகள் கழித்து வந்த ஆஸ்லோ வினாத்தாள் அந்தக் கேள்விக்கான பதில்.

வினாத்தாளில் இருப்பவை நான்கே கேள்விகள். கடந்த 7 நாட்களைப் பற்றி, முழங்காலை மட்டும் குறித்து, வாரம் ஒருமுறை கேட்பார்கள். முழங்கால் தொல்லையால் பயிற்சியிலோ போட்டியிலோ கலந்துகொள்வதில் சிரமம் இருந்ததா? அதனால் பயிற்சியை எவ்வளவு குறைத்தாய் அல்லது மாற்றினாய்? ஆட்டத்திறன் எவ்வளவு பாதிக்கப்பட்டது? வலி எவ்வளவு? 2020இல் திருத்திய வடிவத்தில் ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள் உண்டு. மதிப்பெண் 0, 8, 17, 25. நான்கையும் கூட்டினால் 0 முதல் 100 வரை வரும். செல்போனில் ஒரு நிமிடம்கூட ஆகாது.

இது எப்படி வேலை செய்கிறது என்று ஒரு கற்பனை அட்டாக்கரை வைத்துப் பார்ப்போம். முதல் வாரம்: முழுதாக ஆடினார், ஆனால் தொல்லையோடு (8), பயிற்சியைக் குறைக்கவில்லை (0), திறன் குறையவில்லை (0), லேசான வலி (8). மொத்தம் 16. அடுத்த வாரம் வலி நடுத்தரமாகிறது (17), எம்பும் உயரம் கொஞ்சம் குறைவதாக அவருக்கே தெரிகிறது (8). மொத்தம் 33. மூன்றாம் வாரம் சில ஸ்பைக் பயிற்சிகளை விட்டுவிடுகிறார், 41. நான்காம் வாரம் எல்லாக் கேள்விக்கும் 17, மொத்தம் 68. முதல் மூன்று வாரமும் கோச்சின் வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேராக ‘வந்தார்’ என்றுதான் இருக்கும். பழைய முறை இவரை நான்காம் வாரத்திலோ அதற்குப் பிறகோதான் பார்த்திருக்கும், சில சமயம் பார்க்காமலே போயிருக்கும். பயிற்சியோ திறனோ நடுத்தர அளவுக்காவது குறைந்தால் அதைக் கணிசமான தொல்லை என்று தனியாகக் குறிக்கிறார்கள். அந்தக் கோட்டைத் தாண்டும் முன்பே மூன்று வார எச்சரிக்கை கையில் இருக்கிறது என்பதுதான் இந்த முறையின் மதிப்பு.

அணி அளவில் பார்க்க வேண்டியது வாரந்தோறும் எத்தனை பேர் தொல்லையோடு இருக்கிறார்கள் என்ற விகிதத்தை. அணியில் 14 பேர், பதில் சொன்னவர்கள் 12, அவர்களில் 5 பேருக்கு முட்டித் தொல்லை என்றால் அந்த வாரம் 42 விழுக்காடு. பதில் சொல்லாத இரண்டு பேரை நல்லபடியாக இருப்பவர்கள் என்று எழுதிக்கொள்ளக் கூடாது. வலி அதிகமானவர்தான் பல நேரம் பதிலளிக்காமல் நழுவுவார். இப்படி வாரவாரம் எடுத்துச் சராசரி போட்டபோது, அந்த ஐந்து விளையாட்டு ஆய்வில் வாலிபால் ஆட்டக்காரர்களில் 36 விழுக்காட்டினர் எந்த வாரத்திலும் முழங்கால் தொல்லையோடு இருந்தார்கள். ஆறு பேர் களத்தில் நின்றால் இரண்டு பேர். புதிய காயம் எத்தனை என்று எண்ணும் முறையில், சீசன் முழுக்க வலித்த ஒரு முட்டி ஒரே ஒருமுறைதான் எண்ணப்படும். இங்கே அது ஒவ்வொரு வாரமும் எண்ணப்படுகிறது, அப்படித்தான் எண்ணவும் வேண்டும். ஆட்டக்காரர் அதை ஒருமுறை மட்டும் அனுபவிப்பதில்லையே.

குதிப்பவர் முட்டி என்று உறுதியானவர்களுக்கு வேறொரு அளவுகோல் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா விளையாட்டு நிறுவனத்தில் 1998இல் உருவானது, சுருக்கமாக விசா-பி என்பார்கள். எட்டுக் கேள்விகள், 100 என்றால் சுத்தமாக வலியில்லை. ஆஸ்லோ அளவில் மதிப்பெண் கூடினால் கெட்டது, விசாவில் குறைந்தால் கெட்டது. இரண்டையும் ஒரே தாளில் வைத்திருக்கும் அணிகள் இதைக் குழப்பிக்கொள்வது சுலபம். விசா சிகிச்சையின் முன்னேற்றத்தைப் பார்க்க ஏற்றது. வாரவாரம் அணி முழுவதையும் வடிகட்ட ஆஸ்லோ கேள்விகளே போதும்.

வலியை எண்ணுவது ஒரு பக்கம். வலிக்குக் காரணமான குதிப்பை எண்ணுவது இன்னொரு பக்கம். நார்வேயின் தென்மேற்கில் சான்ட் என்ற சிற்றூரில் டாப்வாலி நோர்கே என்ற வாலிபால் உறைவிடப் பள்ளி இருக்கிறது. நாட்டின் சிறந்த பதின்வயது ஆட்டக்காரர்கள் அங்கே படித்துக்கொண்டே ஆடுகிறார்கள். ஆராய்ச்சியாளர்களுக்கு இது பெரிய வரம். ஒரே வளாகம், ஒரே கோச், ஒரே தரை. அதுவரை வாரம் சில நாள் ஆடிய பிள்ளைகள் திடீரென்று தினசரிப் பயிற்சிக்குள் வருகிறார்கள். ஹோவார்ட் விஸ்னெஸும் ரோல்ட் பாரும் மற்றவர்களும் ஐந்து ஆண்டு அங்கே பின்தொடர்ந்தார்கள். 150 மாணவர்களில் 28 பேருக்குக் குதிப்பவர் முட்டி வந்தது. அதில் 22 பேர் பையன்கள், 6 பேர் பெண்கள்.

யாருக்கு வந்தது என்பதுதான் வருத்தமான செய்தி. பள்ளியில் சேர்ந்தபோதே நன்றாக எம்பியவர்களுக்குத்தான் பின்னால் முட்டி கெட்டது. இதை ஆய்வாளர்கள் குதிப்பவர் முட்டியின் முரண் என்கிறார்கள். நம் நினைப்பு எதிர்மாறானது. பலம் குறைந்தவனுக்குத்தான் காயம் வரும், அவனை இன்னும் குதிக்கவிட்டுப் பலப்படுத்த வேண்டும் என்று பல கோச்சுகள் நம்புகிறார்கள். ஆனால் உயரம் எம்புகிறவன் ஒவ்வொரு எம்பலிலும் தசைநாணுக்கு அதிக சுமை தருகிறான். நன்றாக எம்புவதாலேயே அதிகப் பந்துகளும் அவனுக்குத்தான் போகின்றன. முக்கியமான போட்டி, ஐந்தாவது செட், எல்லாப் பந்தும் ஒரே ஆளுக்கு. அதே பள்ளியில் நடந்த இன்னொரு அலசலில் வாரப் பயிற்சி நேரமும், அதைவிட அழுத்தமாக, ஆடிய செட்களின் எண்ணிக்கையும் ஆபத்தைக் கூட்டுவது தெரிந்தது. அணியின் நட்சத்திரம்தான் அணியில் எளிதில் உடையக்கூடிய முட்டிக்குச் சொந்தக்காரர்.

மணிக்கணக்கு மட்டும் போதாது என்று காட்டியதும் இதே பள்ளிதான். 44 ஆட்டக்காரர்களின் பயிற்சியையும் போட்டியையும் வீடியோ எடுத்து, உட்கார்ந்து ஒவ்வொரு குதிப்பாக எண்ணினார்கள். மொத்தம் 11,943. ஒரே பயிற்சியில், ஒரே இரண்டு மணி நேரத்தில் ஒருவர் குதித்ததற்கும் இன்னொருவர் குதித்ததற்கும் பெரும் வித்தியாசம். பையன்கள் பெண்களைவிட அடிக்கடி குதித்தார்கள். ‘இந்த வாரம் எல்லோருக்கும் பத்து மணி நேரப் பயிற்சி’ என்று எழுதிவைக்கும் கோச், பத்துப் பேருக்குப் பத்து வெவ்வேறு அளவு மருந்தைக் கொடுத்துவிட்டு ஒரே அளவு என்று எழுதுகிறார்.

இப்போது இடுப்புப் பட்டியில் செருகும் சிறிய உணரிகள் வந்துவிட்டன. வெர்ட் என்பது அதிகம் பயன்படும் ஒன்று. எத்தனை முறை குதித்தார் என்பதை நன்றாகவே எண்ணும். எவ்வளவு உயரம் என்பதில் அதை அவ்வளவு நம்ப முடியாது. கத்தாரில் ஒரு தொழில்முறை அணி முழு சீசனும் இதை அணிந்து ஆடியபோது, அணியில் ஆடும் இடத்துக்கு இடம் மட்டுமல்ல, ஒரே இடத்தில் ஆடும் இருவருக்குள்ளேயே பெரிய வேறுபாடு இருந்தது. அடிக்கடி குதிப்பவர், அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக்கொடுக்கும் செட்டர், நம்மூரில் லிஃப்டர் என்போமே, அவர்தான். ஆனால் அவருடைய குதிப்புகளில் பல தாழ்வானவை. வெறும் எண்ணிக்கையைப் பார்த்து ‘லிஃப்டருக்குத்தான் அதிகப் பளு’ என்று சொல்வது தவறான முடிவுக்குக் கொண்டுபோகும்.

உணரி வாங்கக் காசில்லாத அணிகள் என்ன செய்வது? நார்வேக்காரர்கள் செய்ததையே செய்யலாம். ஒரு செல்போனை ஸ்டாண்டில் நிறுத்தினால் போதும். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மாற்று ஆட்டக்காரர் இரண்டு பேரை மட்டும் கவனித்துக் கோடு போட்டு எண்ணலாம். அணி முழுவதையும் தினமும் எண்ண வேண்டியதில்லை. முந்தைய வாரம் மதிப்பெண் ஏறியவர்களை எண்ணினாலே பெரிய விஷயம். கூடவே, பயிற்சி எவ்வளவு கடினமாக இருந்தது என்று பத்துக்கு ஒரு எண்ணைக் கேட்டு, அதைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்கிக்கொள்ளும் எளிய முறை பல விளையாட்டுகளில் புழக்கத்தில் இருக்கிறது.

இந்த வாரப் பளுவை முந்தைய நான்கு வாரச் சராசரியால் வகுத்து, விடை 0.8க்கும் 1.3க்கும் இடையில் இருந்தால் பத்திரம் என்று ஒரு சூத்திரமும் கொஞ்சகாலம் கொடிகட்டிப் பறந்தது. அதன் கணக்கியல் அடித்தளமே தவறு என்று பின்னால் கடுமையான விமர்சனங்கள் வந்தன. பளுவைத் திடீரென்று ஏற்றாதே என்ற யோசனை நல்ல யோசனைதான். ஒரு வகுத்தல் விடை ஒருவருடைய முட்டிக்கு உத்தரவாதம் தரும் என்று மட்டும் நான் நம்ப மாட்டேன்.

தரையையும் பதிவில் சேர்க்க வேண்டும். இத்தாலியில் 1980களில் ஆண்ட்ரியா ஃபெரெட்டி வாலிபால் ஆட்டக்காரர்களை ஆராய்ந்தபோது இரண்டு விஷயங்கள் தெளிவாகத் தெரிந்தன. வாரத்தில் பயிற்சி நாட்கள் கூடக் கூட முட்டி வலிப்பவர்கள் கூடினார்கள். சிமென்ட் மாதிரி கெட்டியான தரையில் ஆடியவர்களுக்கு மரத்தளத்தில் ஆடியவர்களைவிட அதிகம் வந்தது. இதைப் படிக்கும்போது நம் பக்கத்து மைதானங்கள் நினைவுக்கு வராமல் இருக்காது. வாலிபாலை, அவர்கள் சொல்வதுபோல் கரப்பந்தை, 1991இல் தேசிய விளையாட்டாக அறிவித்த நாடு இலங்கை. தமிழ்நாட்டில் கோயில் திருவிழாவோடு இரவு விளக்கு வெளிச்சத்தில் டோர்னமென்ட் நடக்காத மாவட்டம் குறைவு. மாநில அணிக்குப் போகிறவர் வார நாட்களில் கல்லூரியின் உள்ளரங்கிலும், சனி ஞாயிறு ஊர் மண்ணிலும், நடுவில் சிமென்ட் கோர்ட்டிலும் ஆடுவார். கல்லூரிக் கோச் வைத்திருக்கும் கணக்கில் அந்தச் சனி ஞாயிறு இருக்காது. ஒரே இரவில் நாலு மேட்ச் ஆடிவிட்டுத் திங்கட்கிழமை பயிற்சிக்கு வந்த பையனை, அன்றைக்குத்தான் வாரம் தொடங்குகிறது என்று நினைத்துக் குதிக்க வைப்பார்கள். எந்தப் பதிவு முறை வைத்தாலும் ‘வெளியில் எங்கே ஆடினாய், எத்தனை செட்?’ என்ற கேள்வி இங்கே கட்டாயம் வேண்டும்.

இனி கஷ்டமான பகுதி. கேள்வி கேட்டால் உண்மை வருமா?

நான் ஏன் சொல்லவில்லை என்று யோசித்துப் பார்க்கிறேன். சொன்னால் அடுத்த போட்டியில் வெளியே உட்கார வைப்பார்கள் என்ற பயம்தான். பல பேருக்கு அது ஒரு போட்டியோடு முடிகிற விஷயமாகவும் இருக்காது. விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயிலோ போலீசிலோ வேலை கிடைக்க ஒரு தேசியப் போட்டிச் சான்றிதழ் வேண்டும். வீட்டில் அம்மா அப்பா அதை நம்பி இருப்பார்கள். அந்தத் தேர்வுக்கு இரண்டு வாரம் முன்னால் ‘முட்டியில் வலி எவ்வளவு?’ என்று கேட்டால் எல்லோரும் 0 என்றுதான் எழுதுவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதனால் யார் கேட்கிறார்கள், பதில் யாரிடம் போகிறது என்பதை முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும். பதில்கள் பிசியோவிடமோ அணியின் மருத்துவரிடமோ போகட்டும். கோச்சுக்கு ‘இவருக்கு இந்த வாரம் குதிப்பைப் பாதியாக்குங்கள்’ என்ற அளவில் மட்டும் தகவல் போகட்டும். பிசியோ இல்லாத அணியில் கோச்சே கேட்க வேண்டியிருந்தால், உண்மை சொன்னவரை முதல் தடவை எப்படி நடத்துகிறார் என்பதை மற்ற 13 பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். 33 என்று எழுதியவருக்கு எளிய மாற்றம் கிடைத்து, சனிக்கிழமை அவர் ஆடவும் செய்தால், அடுத்த வாரம் இன்னும் நாலு பேர் உண்மை எழுதுவார்கள். அவரை வெளியே உட்கார வைத்தால் அன்றோடு அந்த வினாத்தாளின் கதை முடிந்தது.

எண் ஏறினால் என்ன செய்வது என்பதிலும் அனுபவம் சேர்ந்திருக்கிறது. சரிவான பலகையில் நின்று ஒற்றைக் காலில் மெதுவாக உட்காரும் பயிற்சி ஒரு காலத்தில் சர்வரோக நிவாரணியாகப் பேசப்பட்டது. விஸ்னெஸ் குழு 2005இல் அதைச் சீசன் நடுவில், வழக்கம்போல ஆடிக்கொண்டே இருந்த வாலிபால் ஆட்டக்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்தது. 12 வாரம் ஆகியும் முட்டியில் முன்னேற்றம் இல்லை. ஏற்கெனவே அதிகச் சுமையில் இருக்கும் தசைநாணுக்கு, எதையும் குறைக்காமல் இன்னொரு சுமையையும் சேர்த்தால் வேறு என்ன நடக்கும்? நெதர்லாந்தில் 76 பேரிடம் நடந்து 2021இல் வெளியான சோதனையில் படிப்படியாகச் சுமையை ஏற்றும் முறை அந்தப் பழைய வலிமிகுந்த முறையைவிட மேலான பலன் தந்தது. முதலில் அசையாமல் தாங்கும் பயிற்சி, அப்புறம் மெதுவான எடைப் பயிற்சி, அப்புறம் குதிப்பு, கடைசியில் ஆட்டம் என்று போகிறது அந்த வரிசை. வலி தாங்கக்கூடிய அளவில் இருந்தால்தான் அடுத்த படி. ஸ்டீராய்டு ஊசி சில வாரம் நிம்மதி தரும், ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் பலன் கரைந்திருக்கும் என்பதை டென்மார்க் ஆய்வு ஒன்று காட்டியது. தேர்வுக்கு முந்தின வாரம் ஊசி போட்டுக்கொண்டு வருகிறவர்களிடம் யாராவது இதை எடுத்துச் சொன்னால் நல்லது.

முழு ஓய்வும் வழியாகாது. ஒரு மாதம் சும்மா இருந்தால் வலி போகும், தசையும் தசைநாணும் பலம் இழக்கும். திரும்பி வந்த முதல் வாரமே பழைய அளவுக்குக் குதித்தால் வலியும் திரும்பி வரும். முதலில் குறைக்க வேண்டியது குதிப்பைத்தான். ரிசீவ், சர்வீஸ், டிஃபென்ஸ் எல்லாம் பெரும்பாலும் தொடரலாம்.

முட்டிக்கு முன்னால் வலிப்பதெல்லாம் குதிப்பவர் முட்டியும் அல்ல. பள்ளி அணியில் 12, 13 வயதுப் பிள்ளைக்குச் சில்லுக்கு இரண்டு மூன்று விரல் கீழே, கணைக்கால் எலும்பு புடைத்துத் தொட்டால் வலித்தால், அது பெரும்பாலும் வளரும் எலும்பில் தசைநாண் இழுப்பதால் வரும் ஆஸ்குட்-ஷ்லாட்டர். சில்லைச் சுற்றிப் பரவலாக, மாடி இறங்கும்போதும் நீண்ட நேரம் மடக்கி உட்காரும்போதும் வலித்தால் வேறு கணக்கு. முட்டி வீங்கினாலோ, பூட்டிக்கொண்டாலோ, நடக்கும்போது நழுவினாலோ வினாத்தாளோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது, டாக்டரிடம் போக வேண்டும். ஸ்கேன் படத்தையும் தனியாக நம்ப முடியாது. வலியே இல்லாத பல வாலிபால் முட்டிகளின் தசைநாணில் அல்ட்ராசவுண்ட் மாற்றம் காட்டும்.

கடைசியாக, கேள்வியின் சொல்லைப் பற்றி. ஆஸ்லோ வினாத்தாள் ‘காயம் உண்டா?’ என்று கேட்பதில்லை. தொல்லை உண்டா என்றுதான் கேட்கிறது. வலி, இறுக்கம், வீக்கம், நழுவல், பூட்டிக்கொள்ளுதல் எல்லாமே அதில் அடக்கம் என்று விளக்கமும் தருகிறது. இதைத் தமிழில் கேட்கும்போது இன்னும் கவனம் வேண்டும். நம் ஆட்டக்காரர்கள் வலி என்ற சொல்லை லேசில் எடுக்க மாட்டார்கள். ‘அண்ணே, வலியெல்லாம் இல்ல, லேசா பிடிச்சிருக்கு’ என்பார்கள். ‘இறங்கும்போது சுருக்குன்னு இருக்கு’ என்பார்கள், ‘காலையில கொஞ்சம் கெட்டியா இருக்கு, ஆடுனா சரியாயிடும்’ என்பார்கள். அந்தப் படிவத்தின் மொழியில் இவை மூன்றுமே தொல்லைதான். ‘காயம் ஏதாவது இருக்கா?’ என்று கேட்டால் மூன்றுக்கும் பதில் ‘இல்லண்ணே’ என்றுதான் வரும். படிவத்தில் பிடிப்பு, சுருக், கெட்டி என்று அவர்கள் சொல்லும் சொல்லிலேயே அச்சடித்து, ஞாயிற்றுக்கிழமை இரவு அணியின் வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். குரூப்பில் கேட்க வேண்டாம்.